களனி கங்கையின் நீர்மின் தொடர்: கட்டப்பட்ட வரிசையும் அதன் காரணங்களும்

பேலியகொடையை ஒட்டிச் சென்று கடலிற் கலக்கும் களனி கங்கை, கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் இரு மலையாறுகளின் கூடலால் உருவாகின்றது. சிவனொளிபாத மலையை அண்டிய பெருமழைப் பிரதேசத்தில் ஊறும் இவ்வாறுகள் குறுகிய தூரத்திலேயே பல நூறு மீற்றர் கீழிறங்குகின்றன. கொழும்புக்குப் பேரளவில் நீர்மின்சாரம் முதன்முதலாகக் கிடைத்தது இவ்வீழ்ச்சியிலிருந்தே. எனினும் அதற்கென எழுந்த ஐந்து நிலையங்களும் ஆற்றின் போக்கிற்கேற்ற வரிசையில் கட்டப்படவில்லை. அவ்வரிசையைத் தீர்மானித்ததில் நில அமைப்பைப் போலவே நிதிக்கும் நிர்வாகத்திற்கும் பெரும் பங்குண்டு.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் படித்த கட்டுரையில், இவ்விரு ஆறுகளிலிருந்தும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குதிரைத்திறன் பெறலாம் எனக் கணித்துக் காட்டினார். இக்கணிப்பை ஏற்று லக்சபானவில் தொடங்கிய பணி, 1920களிலேயே பணமுடையால் இடைநின்றது. தலைநகரின் தேவையை எரிபொருளில் இயங்கும் கொலன்னாவை ஸ்ரான்லி மின்நிலையம் ஈடுசெய்ய, மலையில் தொடங்கிய வேலை கவனிப்பாரற்றுக் கிடந்தது. விமலசுரேந்திர 1931 இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இத்திட்டத்துக்காகவே வாதாடினார். நீலகிரியில் 900 மீற்றருக்கு மேற்பட்ட வீழ்ச்சியைப் பயன்படுத்தும் பைக்காரா நிலையத்தை, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவிலும் 1929 இல் தொடங்கி 1932 இல் சென்னை மாகாண அரசு இயக்கிவிட்டதை நோக்கும்போது, லக்சபானவின் தாமதத்துக்குப் பணமுடையை மட்டுமே காரணமாகக் கூறுவது போதாது. தொடங்கிய பணியை இடையறாது நடத்தும் உறுதி ஆட்சிப்பீடத்தில் இருக்கவில்லை. பணி மீண்டும் தொடங்கியபோதோ இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டு இயந்திர வரவைத் தடுத்தது. முடிவில் 25 மெகாவாற் திறனுடன் பழைய லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். விமலசுரேந்திர மறைந்தது 1953 இல்.

முதற்கட்டமான பழைய லக்சபானவின் அணைக்கு நோட்டன் பிரிட்ஜ் என்னும் இடம் தெரிவுசெய்யப்பட்டதன் காரணம் கவனிக்கத்தக்கது. அங்குள்ள அணை சிறியது. அதன் குளம் சில மணி நேரத் தேவைக்கு மட்டுமே நீரைத் தாங்கும். ஆனால் அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகவும், பின்னர் சரிவில் இறங்கும் இரும்பு அழுத்தக் குழாய்களின் வழியாகவும் செல்லும் நீர் ஏறத்தாழ 450 மீற்றர் விழுகின்றது. இத்தகைய உயர்வீழ்ச்சிக்கு, கிண்ண வடிவ அலகுகளின் மீது நீர்த்தாரை மோதிச் சுழற்றும் பெல்டன் சுழலி பொருத்தமானது. குறைந்த நீரில் மிகுந்த சக்தி கிடைப்பதால், பெருந்தேக்கம் கட்டும் செலவைப் பிற்காலத்துக்கு ஒத்திப்போட முடிந்தது. முழுத் தொகைக்கும் காத்திருக்க இயலாத அரசுக்கு இதுவே அறிவார்ந்த வழி. அதற்குரிய விலை வறட்சிக் காலத்தில் தெரிந்தது: தேக்கம் இல்லாவிடின் மழை குறைந்த மாதங்களில் சுழலிகளுக்குப் போதிய நீர் கிடைக்காது.

எனவே அடுத்த கட்டம் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், அதன் நீரைப் பெற்று நோட்டன் குளத்திலேயே விடும் 50 மெகாவாற் விமலசுரேந்திர நிலையமும் எழுந்தன. 1969 இல் மஸ்கெலியா ஓயாவில் மவுஸ்ஸாகலைத் தேக்கமும், இரு ஆறுகளின் நீரையும் பயன்படுத்தும் 75 மெகாவாற் பொல்பிட்டிய நிலையமும் இயங்கத் தொடங்கின. இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டதும் அவ்வாண்டிலேயே. 100 மெகாவாற் புதிய லக்சபான 1974 இலும், மவுஸ்ஸாகலைத் தேக்கத்துக்குக் கீழே அமைந்த கனியன் நிலையம் 1980களிலும் சேர்ந்தன.

மவுஸ்ஸாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர்மட்டம் தாழும் மாதங்களில் வெளித்தெரியும் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள், மெகாவாற் கணக்கில் இடம்பெறாத ஓர் இழப்பைக் காட்டுகின்றன. தோட்டத் தமிழரும் ஏனையோரும் கூடி வாழ்ந்த அந்நகரின் கதை கட்டுமான வரலாற்றிலிருந்து பிரித்தெழுதப்படுவது முறையன்று.

இத்தொடரில் ஒரு நீர்த்துளி கடலை அடையுமுன் குறைந்தது மூன்று நிலையங்களில் மின்னாக மாறுகின்றது. ஆகவே காசல்ரீயிலோ மவுஸ்ஸாகலையிலோ மதகைத் திறக்கும் முடிவு ஒரு நிலையத்துடன் முடிவதில்லை. கீழுள்ள சிறுகுளங்களின் கொள்ளளவையும், கொழும்பின் மாலை நேரத் தேவையையும் ஒருங்கே எண்ணி எடுக்கப்பட வேண்டியது அது. பொல்பிட்டியவுக்குக் கீழே எஞ்சியிருந்த வீழ்ச்சியை 35 மெகாவாற் புரோட்லண்ட்ஸ் திட்டம் அண்மைக் காலத்தில் எடுத்துக்கொண்டதனால், அக்கணக்கில் இன்னொரு நிலையம் சேர்ந்துள்ளது.