எண்ணெய்க்குப் போன புரதம்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் ஆடிப்பட்டத்து மானாவாரிப் பயிர் பெரும்பாலும் நிலக்கடலைதான். வட்டாரத்தார் அதை மல்லாட்டை என்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இப்பயிர், 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு வயல்களில் பரவியது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அங்கே சோப்புக்கும் சமையலுக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது. புரதத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கணக்கிட்டிருக்க வேண்டும். நிலக்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 7 பங்குதான். கடலையில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் புரதம் 40 பங்கைத் தாண்டும். அந்தப் பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கும் வயலுக்கு எருவாகவும் போனது. தசை, குருதி, நோயெதிர்ப்பு அனைத்துக்கும் புரதம் தேவைப்பட்ட குழந்தைகள் அதே ஊரில் சோறும் கூழும் உண்டு வளர்ந்தார்கள்.

அரிசியை மட்டுமே நம்பிய உணவின் குறையைக் குன்னூர் ஆய்வகத்தில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் எலிகளை வைத்துக் காட்டினார். கோதுமை, பால், பருப்பு தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாண அரிசி உணவு தின்றவை மெலிந்தன. பின்னர் மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கடலைப் பிண்ணாக்கு மாவு மூன்று பங்கு, வறுத்த கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு சேர்த்துப் பல்நோக்கு உணவு தயாரித்தது. கடலையில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டைக்கடலை ஈடுசெய்தது. ஆனால் 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் தின்ற வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. ஈரத்தில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃபிளாடாக்சின் அப்போதுதான் அடையாளம் காணப்பட்டது. அதன்பின் ஈரமின்றிக் காயவைப்பதே கடலையை உணவாக்குவதன் முதல் நிபந்தனை ஆயிற்று.