ஓலையும் தாளும் திரையும்

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதன் வடிவத்தையும் காலத்தையுமே பெரிதும் நோக்குவர். எழுதப்படும் இடத்தின் அகலத்தை நோக்குவோர் சிலரே. ஆயினும், ‘வரியை எங்கே முறிப்பது?’ என்பது ஓலைச்சுவடிக் காலந்தொட்டுத் தமிழ் எழுதினோர் அனைவர்முன்னும் நின்ற வினாவாகும். இன்று பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் கைப்பேசியில் திருக்குறள் படிக்கும்போது அதே வினா மீண்டும் எழுகின்றது.

பனையோலை நீண்டது, ஆனால் ஒடுங்கியது. ஏடெழுதுவோர் கயிறு கோக்கும் துளையைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு எழுதினர். பாட்டின் அடிகள் தனித்தனி வரிகளாக நிற்கவில்லை. ஓலையின் ஓரம் வரை தொடர்ந்தோடின. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. அடி எங்கே முடிகின்றது என்பதை ஓலை காட்டாது. யாப்பறிந்த செவியே காட்டும்.

அச்சு வந்தபோது நிலைமை மாறிற்று. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு, செருமனியின் ஆலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கக் கண்டு, சிறிய எழுத்துகளை அங்கேயே வார்ப்பித்தார். தாளுக்கேற்ப எழுத்தை அளந்த முயற்சி அது. 1812-இல் திருக்குறள் அச்சேறியது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சி. வை. தாமோதரம் பிள்ளையும், 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும், சுவடியில் தொடர்ந்தோடிய எழுத்தை அடியும் சீருமாகப் பிரித்து நமக்கு அளித்தனர். எண்சீர் விருத்தத்தின் நீண்ட அடி தாளில் அடங்காதபோது, அதனை நந்நான்கு சீராகப் பகுத்து, இரண்டாம் பகுதியை உள்தள்ளி அச்சிடும் வழக்கமும் தோன்றிற்று. ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு: வரியை முறித்தது தாளின் ஓரமன்று, யாப்பே முறித்தது.

இவ்வச்சு நூல்களின் வழியாகவே மலாயாத் தோட்டங்களுக்கும் தமிழ்க்கல்வி வந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. பால்மரக் காடுகளுக்கிடையே எழுந்த அச்சிறு பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர், ஒரே கூடத்தில், பல வகுப்புகளுக்கும் கற்பித்தார். ஒரே பாட்டைச் சிறுவர்க்கு ஓசையாகவும் மூத்தவர்க்குப் பொருளாகவும் தரவேண்டிய நிலை அவருக்கு இருந்தது. கற்போர்க்கேற்பக் கற்பிக்கும் முறை மாறலாம், பாடல் சிதையலாகாது. இன்றைய திரைக்கும் பொருந்தும் நெறி இதுவே.

கணினித் திரையில் தமிழ் ஏறியதில் மலேசியர்க்கும் பெரும் பங்குண்டு. முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முயற்சி ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. 2005-இல் அவருடைய ‘செல்லினம்’ கைப்பேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது. ஆயினும் அக்கால இணையப் பக்கங்கள் மேசைக் கணினியின் அகலத்தை மனத்திற்கொண்டே அமைந்தன. 2007-இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரையகலம் 320 படப்புள்ளிகளே. அக்கருவி பக்கத்தை 980 புள்ளி அகலமுடையதாகக் கொண்டு சுருக்கிக் காட்டியது, எழுத்து எறும்பாயிற்று.

2010 மே மாதத்தில் ஈத்தன் மார்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இதற்கொரு வழி கூறினார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அளவை வினவியறியும் விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்தும் என்றார். ‘அகலம் 600 புள்ளிக்குக் குறைந்தால் இரண்டு பத்திகளை ஒன்றாக்குக’ என்பது போன்றது அவ்விதி. அமைப்பு மாறும் அந்த எல்லையே ‘பிரேக்பாயிண்ட்’ எனப்படும்; தமிழில் மாறுபுள்ளி எனலாம்.

மாறுபுள்ளியை எங்கே வைப்பது? தொடக்கத்தில் பலர் கருவிகளைப் பார்த்து வைத்தனர்: கைப்பேசிக்கு 320, ஐபேடுக்கு 768. புதுப்புதுக் கருவிகள் வரவர அவ்வெண்கள் பொருந்தாமற் போயின. பின்னர்த் தெளிந்த உண்மை யாதெனில், திரையை மெல்ல ஒடுக்கிப் பார்க்கும்போது உள்ளடக்கம் எங்கே சிதைகின்றதோ அங்கேதான் மாறுபுள்ளி வைக்கவேண்டும் என்பது. எண்சீர் விருத்தத்தை நடுவே பகுத்த அச்சகத்தார் இதனை முன்னரே செய்துகாட்டினர் அல்லரோ?

குறளையே சான்றாகக் கொள்வோம். முதலடியில் நான்கு சீர்; இரண்டாமடியில் மூன்று சீர். ஒடுங்கிய திரையில் எழுத்துச் சற்றுப் பெரிதானால், நான்காம் சீர் கீழிறங்கித் தனி வரியாகின்றது. ஈரடி மூன்று வரியாகத் தோன்றுகின்றது. ‘செய்யுளும் மொழியணியும்’ கற்கும் பிள்ளை தன் கண்ணை நம்புவதா, ஆசிரியர் சொல்லை நம்புவதா? தீர்வு அரிதன்று. ஒவ்வோர் அடியையும் தனியலகாகக் குறித்து, மடங்கி வரும் சீரை உள்தள்ளிக் காட்டினால் அடியின் எல்லை விளங்கும். மாறுபுள்ளியைப் படப்புள்ளியால் அளக்காமல் எழுத்தின் பருமனால் அளந்தால், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்போர்க்கும் அமைப்புக் குலையாது.

இஃது அழகு பற்றிய சிறு செய்தியன்று. பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு இடந்தந்தன. குடும்பங்கள் பல ஈப்போ முதலிய நகர்ப்புறங்களை நாடின. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கணினியில்லாத இல்லங்களில் தந்தையின் கைப்பேசியே வகுப்பறையாயிற்று. கணினித் திரைக்கெனச் செய்த பாடம் உள்ளங்கைத் திரையில் சிதைந்தால், இழப்பு எளிய வீட்டுப் பிள்ளைக்கே முதலில் நேர்கின்றது.

ஆகலின், பாடம் ஆக்கும் ஆசிரியர் அதனைத் தம் மேசைக் கணினியில் மட்டும் பார்த்து அமைதல் கூடாது. மிகச் சிறிய கைப்பேசி ஒன்றிலும் ஒருமுறை படித்துப் பார்த்தல் கடனாகும். மாணவரும், திரையில் உடைந்த வரியைக் காணுந்தோறும் வாய்விட்டுப் படித்துச் சீரை எண்ணுதல் வேண்டும். ஓலை காட்டாத அடியை நம் முன்னோர் செவியாற் கண்டனர். அச்செவி நமக்கும் உண்டு. திரைக்கு அதனைக் கற்பிப்பது நம் பொறுப்பு.