துடைத்தழித்த எழுத்துகள்: அமெரிக்க மடக்குக் கத்திகளை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

கொல்கத்தாவில் ஆய்வு மாணவனாக இருந்த நாள்களில், பழைய பொருள்கள் விற்கும் நடைபாதைக் கடை ஒன்றில் துருவேறிய மடக்குக் கத்தி ஒன்றை வாங்கினேன். மரத்தாலான கைப்பிடி, அதன் ஒரு முனையில் கயிறு கோப்பதற்கான வளையம், உள்ளே இரண்டு அலகுகள். ஒன்று வெட்டுவதற்கு, மற்றொன்று திருகாணி முடுக்குவதற்கு. மரப்பிடியில் "டி.எல்.-29" என்ற குறி மங்கலாகத் தெரிந்தது. அறைக்குத் திரும்பியதும் உப்புத்தாளை எடுத்து, ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, அதைப் பளபளக்கச் செய்தேன். அன்று நான் செய்தது இன்னதென்று பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிற்று. அலகின் அடியில் பொறித்திருந்த ஆலையின் பெயரை என் கையாலேயே தேய்த்து அழித்திருந்தேன். எஞ்சியவை "என்.ஒய்." என்னும் இரண்டு எழுத்துகள் மட்டுமே.

அப்பிழையே என்னை இத்துறைக்குள் இழுத்து வந்தது. பழைய அமெரிக்க மடக்குக் கத்திகளைத் திரட்டுவோர் அந்நாட்டில் பலர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது பொழுதுபோக்காகவே தோன்றும். அவர்கள் கையாளும் முறையோ கல்வெட்டு ஆய்வுக்கு மிக அருகில் நிற்பது. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் இல்லாத கல்வெட்டை எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கிறோம் அல்லவா? கத்தி திரட்டுவோரும் அதையே செய்கின்றனர். அவர்களுக்கான கல்வெட்டு, அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில் உள்ள கூரற்ற அடிப்பகுதி. ஒரு விரல்நகத்தின் அளவுகூட இல்லாத அந்த இடத்தில் ஆலையின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்த எழுத்துகளை முதலில் வடிவமைத்தது அழகுணர்ச்சி அன்று, சுங்க வரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கர்களின் சட்டைப்பையில் இருந்த நல்ல கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்து வந்தது. ஜோசப் ராட்ஜர்ஸ், ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் ஆகிய நிறுவனங்கள் அச்சந்தையை ஆண்டன. வோஸ்டன்ஹோம் தன் ஷெஃபீல்டு ஆலைக்கு வைத்த பெயரே "வாஷிங்டன் ஒர்க்ஸ்" என்பது, அவருடைய சரக்கு எந்தத் திசையை நோக்கிச் சென்றது என்பதைச் சொல்லும்.

1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இந்நிலையை உடைத்தது. அயல்நாட்டுக் கத்திகள்மீது கடுமையான வரி விதித்ததோடு, இறக்குமதியாகும் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கட்டளையிட்டது. 1891 மார்ச் முதல் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. இன்று ஒரு ஷெஃபீல்டுக் கத்தியில் "இங்கிலாந்து" என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது என்று திரட்டுவோர் கணிப்பது இதனால்தான். வாஷிங்டனில் நிறைவேறிய ஒரு சட்டம், கடல் கடந்து, ஒரு கொல்லனின் முத்திரை அச்சை மாற்றியது. 1897இல் வந்த டிங்லி சட்டம் வரிச்சுவரை மேலும் உயர்த்தியது. ஜெர்மானியக் கத்திகளை இறக்குமதி செய்துவந்த அடால்ஃப் காஸ்டர் என்னும் நியூயார்க் வணிகர், 1902இல் நியூயார்க் மாநிலத்தின் கமிலஸ் என்னும் ஊரிலிருந்த ஆலையை வாங்கி, ஜெர்மனியிலிருந்தே தொழிலாளர்களை வரவழைத்தார். பொருளுக்கு எல்லை மூடப்பட்டபோது, அப்பொருளைச் செய்யும் கைகள் எல்லை கடந்தன.

இப்பெயர்வு புதியதன்று. 1852இல் தொடங்கப்பெற்று 1856இல் வால்டன் என்னும் ஆற்றங்கரை ஊருக்கு இடம்பெயர்ந்த நியூயார்க் நைஃப் கம்பெனி, ஷெஃபீல்டிலிருந்து குடியேறிய கத்திக் கொல்லர்களின் கைவண்ணத்தில் வளர்ந்தது. அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கிய தாமஸ் பிராட்லி இங்கிலாந்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் சான்சலர்ஸ்வில் களத்தில் காட்டிய துணிவுக்காக அமெரிக்காவின் உயரிய போர்ப் பதக்கம் பெற்றவர். 1903 முதல் 1913 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினராகவும் இருந்தார். தலைவரின் பெயர் ஆவணங்களில் உள்ளது. சாணைக்கல்லின் முன் குனிந்திருந்தவரின் பெயரோ கத்தியில் இல்லை. ஷெஃபீல்டில் சாணைத் தூசி நுரையீரலை அரித்து, தொழிலாளரை இளமையிலேயே கொன்றதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களே எழுதி வைத்துள்ளனர். அலகின் பளபளப்பில் அந்த உயிர்களுக்கும் பங்குண்டு.

பொறித்த பெயரை அப்படியே நம்பிவிடவும் இயலாது. "கீன் கட்டர்" என்ற பெயர் தாங்கிய கத்திகள் ஏராளம். அது செயின்ட் லூயிஸ் நகரின் சிம்மன்ஸ் என்னும் இரும்புச் சாமான் மொத்த வணிக நிறுவனத்தின் வணிகப்பெயர். கத்திகளைச் செய்து கொடுத்தவை வேறு ஆலைகள். முதல் உலகப்போர் முடிந்து ஆயுதத் தேவை சுருங்கியபோது, துப்பாக்கி ஆலைகளான ரெமிங்டனும் வின்செஸ்டரும் மடக்குக் கத்தி செய்யத் தொடங்கின. ஆகவே, பெயரை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். அலகின் வடிவம், பூணின் அமைப்பு, தறையாணியின் இடம் ஆகியவற்றைப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரே உண்மையை நெருங்குவார். மெய்க்கீர்த்தியை மட்டும் கொண்டு ஒரு மன்னனின் ஆட்சியை எழுதிவிட முடியாது என்பதை நாம் அறிவோம்.

மாறாக, தன் காலத்தைத் தானே சொல்லும் கத்திகளும் உண்டு. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் நிறுவனம் 1970இல் தன் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளைப் பொறித்தது. பின்னர் ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டு வந்தது. 1971இல் ஒன்பது, 1972இல் எட்டு என 1979இல் ஒரே ஒரு புள்ளி எஞ்சியது. அந்நிறுவனத்தின் வடிவ எண்களும் ஒரு குறியீட்டு மொழியே. 6318 என்ற எண்ணில் 6 என்பது எலும்புக் கைப்பிடியையும், 3 என்பது அலகுகளின் எண்ணிக்கையையும், 18 என்பது வடிவத்தையும் குறிக்கும்.

இந்தக் குறியீட்டில் 5 என்னும் இலக்கம் நம்மை நேரடியாகத் தொடுவது. 5254 என்றால் மான்கொம்புக் கைப்பிடி கொண்ட, இரண்டு அலகுள்ள கத்தி. அந்தக் கொம்பு அமெரிக்கக் காட்டு மானுடையதன்று. கத்திப் பிடிக்கு ஏற்ற தடிப்பும் உட்கெட்டியும் கொண்டது நம் கடமானின் கொம்பு. மிளா என்று தென்மாவட்டங்களில் அழைக்கப்படுவதும் இதுவே. கடமான் தன் கொம்பை உதிர்த்து மீண்டும் முளைக்கச் செய்யும் இயல்புடையது. உதிர்ந்த கொம்புகள் இந்தியக் காடுகளிலிருந்து திரட்டப்பட்டு, துறைமுகங்கள் வழியே ஷெஃபீல்டுக்கும் ஜெர்மனியின் ஜோலிங்கனுக்கும் அமெரிக்க ஆலைகளுக்கும் சென்றன. மாட்டுக் கால் எலும்பைச் செதுக்கிச் சாயமேற்றிய 6ஆம் எண் கைப்பிடிகூட, மான்கொம்பின் சொரசொரப்பைப் போலச் செய்ததே. 1990களின் இறுதியில் இந்திய அரசு கொம்பு ஏற்றுமதிக்குத் தடை விதித்தபின், "இந்திய ஸ்டாக்" எனத் திரட்டுவோர் அழைக்கும் அக்கைப்பிடிகள் அரும்பொருளாயின. காட்டுக்குள் குனிந்து கொம்பு பொறுக்கியவரின் பெயரும், சாணைக்காரரின் பெயரைப் போலவே, எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர் இருந்தார் என்பதற்கு 5 என்ற அந்த இலக்கமே சான்று.

இனி, திரட்டுவோரின் சந்தை எதை மதிக்கிறது என்பதைப் பார்ப்போம். அங்கே உச்ச விலை பெறுவது ஒருபோதும் பயன்படாத கத்தி. சாணை காணாத அலகு, கறுக்காத எஃகு, கீறல் விழாத பிடி. வரலாற்று மாணவனுக்கு இது விந்தையாக இருக்கிறது. "ஸ்டாக்மேன்" எனப்படும் மூன்று அலகுக் கத்தி கால்நடை வளர்ப்போருக்காக உருவானது. அதன் மழுங்கிய முனையுள்ள அலகு கன்றுகளுக்குக் காயடிப்பதற்கு. பெரிய அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்தும், காயடிக்கும் அலகு புதிதாகவே இருந்தும் ஒரு கத்தி கிடைத்தால், அதை வைத்திருந்தவர் மாடு வளர்த்தவரல்லர் என்று ஓரளவு ஊகிக்கலாம். அத்தேய்மானம் வேறெந்த ஆவணத்திலும் பதிவாகாத ஒரு வாழ்க்கையின் பதிவு. சந்தையோ அதைக் குறை என்கிறது.

அந்த விலை ஏற்றமே போலிகளையும் பிறப்பிக்கிறது. தேய்ந்த அலகை நீக்கிப் புதியதைப் பொருத்துவோர், பழைய பெயரைப் புதிதாகப் பொறிப்போர், துருவை நீக்குவதாக எண்ணிச் சான்றையே நீக்கும் என்னைப் போன்றோர் என அழிவு பலவகை. மார்க் ட்வைன் 1876இல் வெளியிட்ட டாம் சாயர் கதையில், பார்லோ என்னும் மலிவான கத்தி கையில் கிடைத்ததும் சிறுவன் டாம் பேருவகை கொள்கிறான். அவ்வளவு எளிய கத்திக்கும் போலி உண்டு என்று சிறுவர்கள் நம்பியதை ஆசிரியர் அங்கே கேலி செய்கிறார். இன்று அக்கேலி உண்மையாகிவிட்டது.

பொருளே தன்னை அழித்துக்கொள்வதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கத்திகள் பலவற்றின் வண்ணப் பிடி செல்லுலாய்டால் ஆனது. நைட்ரேட் ஏற்றிய செல்லுலோசும் கற்பூரமும் கலந்த அப்பொருள் முதுமையடையும்போது அமிலத்தன்மையுள்ள வாயுவை வெளிவிடும். ஒரே பெட்டியில் வைத்த மற்றக் கத்திகளின் அலகுகளையும் அது துருப்பிடிக்கச் செய்யும். அனுபவம் மிக்கவர்கள் செல்லுலாய்டுப் பிடிகளைத் தனியே, காற்றோட்டமான இடத்தில் வைப்பது அதனால்தான்.

எல்லன்வில்லில் இருந்த இம்பீரியல் ஷ்ரேடு 2004இலும், கமிலஸ் 2007இலும் மூடப்பட்டன. ஓர் ஆலை மூடப்பட்டால் கணக்கேடுகள் சிதறும். எந்திரங்கள் ஏலம் போகும். எஞ்சுவது மக்களின் மேசை இழுப்பறைகளில் கிடக்கும் கத்திகள். ஆகவே, அவற்றைத் திரட்டுவோர், அறிந்தோ அறியாமலோ, ஒரு தொழிலின் ஆவணக் காப்பாளர்கள் ஆகின்றனர். விலையைக் காக்கும் பொறுப்பைவிடச் சான்றைக் காக்கும் பொறுப்பே அவர்களுக்குப் பெரிது என்பது என் துணிபு.

மீண்டும் என் கொல்கத்தாக் கத்திக்கு வருகிறேன். டி.எல்.-29 என்பது அமெரிக்கத் தரைப்படையின் தகவல்தொடர்புப் பிரிவினருக்குக் கம்பி வேலைக்கென வழங்கப்பட்ட கத்தி. பல ஆலைகள் ஒப்பந்தத்தில் அதைச் செய்தளித்தன. இரண்டாம் உலகப்போரில் அப்பிரிவினர் கொல்கத்தாவிலிருந்து அசாம் வழியாகச் சீனத்தின் குன்மிங் வரை தொலைபேசிக் கம்பித்தடம் அமைத்தனர். என் கத்தி அத்தடத்தின் கம்பத்தில் ஏறிய ஒருவரின் இடுப்பில் தொங்கியதாக இருக்கலாம். பின்னாளில் வேறு வழியில் வந்ததாகவும் இருக்கலாம். ஆலையின் பெயரும் எழுத்தமைதியும் இருந்திருந்தால் காலத்தைக் கணித்து, இவ்விரண்டில் ஒன்றையேனும் விலக்கியிருப்பேன். "என்.ஒய்." என்பது நியூயார்க். கமிலஸ், வால்டன், எல்லன்வில், லிட்டில் வேலி ஆகிய கத்தி ஊர்கள் யாவும் அதே மாநிலத்தவை. நான் மிச்சம் வைத்த இரண்டு எழுத்துகளும் எதையும் பிரித்துக் காட்டா.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரின் பெட்டியில் பழைய கத்தியோ, பாக்குவெட்டியோ, அரிவாளோ துருவேறிக் கிடந்தால், உப்புத்தாளைத் தொடாதீர்கள். மெல்லிய துணியில் ஒரு துளி எண்ணெய் போதும். முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஏதேனும் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். துருவைப் பிறகும் அகற்றலாம்; எழுத்தைத் திரும்பப் பொறிக்க இயலாது.