தாடை மூட்டு வலி

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது தாடை மூட்டு. அங்கோ, மெல்லும் தசைகளிலோ உண்டாகும் வலி, இறுக்கம், பிடிப்பு ஆகியவற்றை மருத்துவம் ஒரே தொகுதியாகக் கொள்கிறது. நடுவயதுக்கு முன்னும், பெண்களிடமும் மிகுதி. வலி கன்னம், நெற்றிப்பொட்டு, காது எனப் பரவுவதால் பலர் முதலில் போவது காது மருத்துவரிடம். 1934இல் இதை விரித்தெழுதிய அமெரிக்கர் ஜேம்ஸ் காஸ்டனும் அத்துறையினரே. கடைவாய்ப்பற்கள் விழுந்து கடி தாழ்வதே காரணம் என்ற அவர் கொள்கை நிலைக்கவில்லை. கடியைத் திருத்த நல்ல பற்களைத் தேய்க்கும் வழக்கம் மட்டும் நெடுநாள் நீடித்தது.

சுசீந்திரம் போன்ற நாஞ்சில் நாட்டு ஊர்களில், வாய் திறக்கவில்லை என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது பாக்குப் பழக்கம். பாக்கினால் வாயின் உட்சவ்வு நாராக இறுகினாலும் திறப்பு குறையும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைக்கும். காரம் பட்டால் எரியும். அது மூட்டு நோயன்று, புற்றுநோயாக மாறக்கூடியது. பொதுவாக, தன் விரல் மூன்று நுழையுமளவு, சுமார் 40 மி.மீ., வாய் திறக்க வேண்டும். வாய் திறக்கையில் மூட்டில் எழும் வலியில்லாத 'டக்' ஓசைக்கு மருத்துவம் தேவையில்லை. ஐம்பது கடந்தவருக்குப் புதிய தலைவலியோடு மெல்லும்போது தாடை வலித்துப் பார்வையும் மங்கினால் தமனி அழற்சியாக இருக்கலாம். உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெரும்பாலோருக்கு எளிய கவனிப்பே போதும். சில வாரம் நேந்திரங்காய் வற்றல், முறுக்கு, பாக்கு விலக்கி, கஞ்சியும் குழைய வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் உண்ணலாம். வேலை நேரத்திலும் பற்களைக் கடித்திராமல், உதடு மூடி, பல் விலகி இருக்கப் பழக வேண்டும். வெந்நீர் ஒத்தடம் தசையைத் தளர்த்தும்.

மூன்று மாதம் கடந்த வலிக்கு 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல் இயன்முறைப் பயிற்சி, தசைமுடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்தல், மனநடத்தைச் சிகிச்சை முதலியவற்றை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பரவலாக விற்கப்படும் பல்லுறைகளுக்கு அதில் ஆதரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடியை நிரந்தரமாக மாற்றும் உறைகளையும் மூட்டு வட்டை அகற்றும் அறுவையையும் அது கடுமையாக எதிர்க்கிறது.

குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்மாரை நாடும் வழக்கம் உண்டு. தசைப்பிடிப்புக்கு மென்மையான தடவல் இதமளிக்கும். திறக்காமல் பூட்டிய மூட்டை விசையோடு இழுப்பது காயப்படுத்தும். அந்நிலையிலும், கொட்டாவியில் நழுவிய தாடை திரும்பாதபோதும், பல் மருத்துவரோ முக அறுவை வல்லுநரோ பார்க்க வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.