கரையாத திசுவும் கறுப்பு மையும்

நோய்க்கிருமிகளின் பழைய பெயர்களைத் துருவுவது எனக்கொரு பழக்கம். இந்த வாரம் மாட்டியது ‘டோருலா ஹிஸ்டோலிட்டிகா’. திசுவைக் கரைக்கும் ஈஸ்ட் என்று அர்த்தம். மூளையைத் தாக்கும் ஒரு பூஞ்சைக்கு ஸ்டாடர்ட், கட்லர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1916-ல் வைத்த பெயர். இன்று அதை கிரிப்டோகாக்கஸ் என்கிறோம்.

பூஞ்சை முன்பே தெரிந்ததுதான். 1894-ல் ஜெர்மனியில் புஸ்ஸே, புஷ்கே இருவரும் ஒரு பெண்ணின் கால் எலும்பிலிருந்து அதைப் பிரித்தார்கள். அதே வருஷம் இத்தாலியில் சான்ஃபெலிச்சே பீச் பழச்சாற்றில் கண்டெடுத்தார். (பழச்சாற்றில் இருப்பது மூளைக்கு எப்படிப் போகுதுன்னு கேட்டால், பெரும்பாலும் மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில்.)

ஸ்டாடர்டும் கட்லரும் பார்த்த மூளைத் திசுவில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டைக்குள் ஈஸ்ட், அதைச் சுற்றி வெற்றிடம். பூஞ்சை எதையோ சுரந்து திசுவைக் கரைத்துவிட்டது என்று முடிவுகட்டினார்கள். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது வெற்றிடமே இல்லை. பூஞ்சை தன்னைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சர்க்கரைப் போர்வை. வழக்கமான சாயம் அதில் சரியாக ஏறாது, அவ்வளவுதான்.

சாயம் ஏறாததை எப்படிக் காட்டுவது? சுற்றியிருப்பதைக் கறுப்பாக்கிவிட வேண்டியதுதான். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீர் ஒரு சொட்டு, இந்தியா இங்க் ஒரு சொட்டு. (பேரில்தான் இந்தியா, பிறந்தது சீனாவில்.) மையின் கரித்துகள் போர்வைக்குள் நுழையாது. கறுப்புக்கு நடுவே வெள்ளை வளையம் தெரியும்.

இதில் உயிரே அடங்கியிருக்கிறது. வாரக்கணக்கில் தலைவலி, காய்ச்சல், வாந்தி. காசநோய் மூளைச் சவ்வைத் தாக்கினாலும் இதேதான். தண்டுநீரின் அணுக்களும் சர்க்கரை அளவும்கூட ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் காசநோய் மருந்து இந்தப் பூஞ்சையை அழிக்காது.

பூஞ்சை குறைவாக இருந்தால் மை ஏமாற்றிவிடும். 1960களிலிருந்து, போர்வையிலிருந்து உதிரும் சர்க்கரையையே தேடிப் பிடிக்கும் சோதனைகள் வந்தன. இப்போது கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி ஒன்று. பத்து நிமிஷம் போதும். எச்.ஐ.வி. முற்றியவர்களின் ரத்தத்தில், தலைவலி தொடங்கப் பல வாரம் முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் போர்வைக்கு இன்னொரு வேலையும் உண்டு. உதிர்ந்த சர்க்கரையும் பூஞ்சையும் சேர்ந்து தண்டுநீர் வடியும் வழியை அடைத்துவிட, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. பார்வை போவது, உயிர் போவது பல நேரம் இதனால்தான். “முதுகில் ஊசி குத்தினா கால் விளங்காமப் போயிடும்” என்று நம்மூரில் மறுப்பவர்கள் நிறைய. இந்த நோயில் அந்த ஊசி சோதனைக்கு மட்டுமில்லை, சிகிச்சையும்கூட. அழுத்தம் இறங்கும்வரை, தேவைப்பட்டால் தினமும், குத்தி நீரை எடுப்பார்கள்.