வளைகுடா பதற்றமும் மதுரை அடுப்படியும்

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் தாயகம் அழைத்துவரப்பட்டனர். கச்சா எண்ணெய் விலையோ சில மாதங்களில் இருமடங்கானது. வளைகுடாவில் உழைப்பவர் உள்ள வீட்டுக்கு இது இரட்டை அடி: வரும் பணம் நிற்கும், செலவு ஏறும்.

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான். அதில் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணையைக் கடந்து வந்தாக வேண்டும். எனவே 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற அரசின் இலக்கை வெறும் சுற்றுச்சூழல் விவகாரமாகப் பார்ப்பது போதாது.

மதுரைப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தென்கிழக்கே கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்குகிறது. ஆனால் சூரிய மின்சாரம் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் நிலக்கரியை. சிலிண்டர் செலவு குறைய, வீட்டில் இண்டக்ஷன் அடுப்பும் வேண்டும். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைக்க ரூ.78,000 மானியம் உண்டு. பகல் சமையலுக்கு இது கைகொடுக்கும். பேட்டரி இல்லாத வீடு, இரவுக்கும் ரமலான் ஸஹர் சமையலுக்கும் மின்வாரியத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.