மானிப்பாய் வைத்தியர் கிறீன்: தொண்டும் தமிழும்

1822ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வரலாற்றிலே இருவகையால் நினைக்கத்தக்கது. நல்லூரிலே ஆறுமுக நாவலர் தோன்றியது அவ்வாண்டிலேயாம். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்ததும் அவ்வாண்டிலேயாம். நாவலர் சைவத்தைப் பேணும்பொருட்டுத் தமிழ் வசனத்தைக் கைக்கொண்டார். கிறீன் கிறித்தவ ஊழியத்தின்பொருட்டு வைத்தியத்தைக் கைக்கொண்டு, அவ்வைத்தியத்தைத் தமிழிலே தந்தார். சமய நெறியால் எதிரெதிர் நின்ற இருவரும் தமிழின் ஆற்றலில் வைத்த நம்பிக்கையால் ஒருங்கு எண்ணத்தக்கவராவர்.

அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களிலே தம் பணியைத் தொடங்கினர். மிஷன் வைத்தியத்துக்குப் பண்டத்தரிப்பிலே வித்திட்டவர் யோன் ஸ்கடர். அவ்வழியில் 1847இல் வந்தவரே கிறீன். முதலில் வட்டுக்கோட்டையிலிருந்து, மறுவருடம் மானிப்பாயை அடைந்து, அதனையே தம் தொண்டுக்கு நிலைக்களமாக்கினார். 1857 வரையும், பின்னர் 1862 முதல் 1873 வரையும் அவர் இங்கு வாழ்ந்தார்.

அக்காலத்து எளியோர் நிலையை நாம் உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். பேதியும் அம்மையும் கிராமங்களை வாட்டின. பரியாரிமார் பலர் தம் குலவித்தையால் மக்களுக்கு உதவினராயினும், சத்திரசிகிச்சை வேண்டும் நோய்களுக்கு வழி அரிதாயிருந்தது. ஆங்கிலம் அறியாத கமக்காரனும் கூலியாளும் மேனாட்டு வைத்தியத்தை அணுகல் எளிதன்று. பிரசவ வேதனையுற்ற பெண்களின் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது. கிறீன் முற்பட மொழிபெயர்த்த நூல்களுள் ஒன்று பிரசவ வைத்தியமாயிருந்தமை (1857) ஈண்டுக் கருதத்தக்கது. எவர்க்கு உதவி மிகத் தேவையோ அவரை நோக்கியே அவர் எழுதுகோல் முதலிற் சென்றது.

கிறீன் தொடக்கத்தில் மாணாக்கருக்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் பிறவூர் வேதனத்தையும் நாடிச் செல்வதை அவர் கண்டார். தமிழிற் கற்றவனே தன் ஊரில் தங்கித் தன் மக்களுக்குப் பயன்படுவான் என்று துணிந்தார். ஆதலின் 1864 முதல் தமிழிலே வைத்தியம் கற்பிக்கும் வகுப்பை நடத்தினார். அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்; அவருள் ஏறத்தாழப் பாதியினர் தமிழிற் கற்றவர். கிறித்தவராயினார் தமிழருக்குரிய உடையையும் வழக்கத்தையும் கைவிட்டு அந்நியராதல் கூடாதென்பதும் அவர் கருத்து. கொள்ள வந்தவன் தன் கோலத்தைப் பிறர்மேல் ஏற்றுவான். தொண்டுசெய்ய வந்தவன் பிறர் கோலத்தை மதிப்பான்.

மொழிபெயர்ப்புப் பணி எளியதன்று. இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) முதலாயின அவர் முயற்சியால் வெளிவந்தன. மாணாக்கர் சிலர் இதற்குத் துணைநின்றனர். இப்பெயர்களே அவர்தம் முறையைப் புலப்படுத்தும். தமிழ் வழக்கிலும் வடமொழியிலும் சொல் கிடைத்தவிடத்து அதனை ஆண்டார். கிடையாதவிடத்து, ‘கெமிஸ்தம்’ என்றாற்போல, மேனாட்டுச் சொல்லையே தமிழோசைக்கு இயைத்துக்கொண்டார். தாயகம் மீண்டபின்னும் பணியை நிறுத்தினாரல்லர். 1884இல் மறையும் காலம்வரை ஏடுகளைத் திருத்தினார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் இவ்வாறு தமிழாயின.

மதமாற்றமே மிஷனாரின் நோக்கமாக, அத்தொண்டைப் புகழ்தல் தகுமோ என வினவுவாரும் உளர். அந்நோக்கத்தைக் கிறீன் மறைத்தாரல்லர். தமிழருக்கு வைத்தியஞ் செய்த சுவிசேஷகர் என்றே அவர் கல்லறை அவரைக் குறிக்கின்றது. மிஷன் கல்வியைக் கருவியாக்கிச் சமயம் பரப்பியதை நாவலர் கண்டித்ததற்குத் தக்க காரணம் உண்டு. எனினும் நோக்கம் ஒன்றாலேயே செயலின் பயனை அளத்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. பேர்சிவல் பாதிரியாரோடிருந்து பைபிளின் தமிழ்நடையைச் செப்பஞ்செய்த நாவலர், பிறர் சமயத்தை மறுத்தபோதும் அவரிடமுள்ள நல்ல முறைகளைக் கைக்கொள்ளத் தயங்கினாரல்லர். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தவரும் அவரே. தொண்டு எச்சமயத்தார்க்கும் தனியுரிமையன்று.

கிறீன் சென்றபின் தமிழ் வைத்தியக் கல்வி நெடிது நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பிலே தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. 1898இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. மானிப்பாயிலே கிறீன் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் உளது. ஆயின் அவர் பெரிதும் விரும்பிய தமிழ் வகுப்போ இல்லை. நம் நாட்டு மருத்துவப் பட்டக் கல்வி இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. அவர் நூல்கள் பயில்வாரின்றிப் பழஞ்சுவடிகளாயின.

இதற்கு அவரைக் குறைகூற இயலாது, நாமே பொறுப்பாளிகள். கற்றவர் கலையும் கல்லாதவர் துயரும் ஒரு மொழியிற் சந்தித்தல் வேண்டும் என்பதே அவர் விட்டுச் சென்ற பாடம். வைத்தியராகவும் ஆசிரியராகவும் வெளிச்செல்லும் நம் மாணவர், நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போதாயினும் அதனை மறவாதிருப்பாராக.